ஐந்தாம் மாடிக் கதவு

மூன்றாம் நாள் மழையில்தான் முஸ்னாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. சுவருக்குள்ளே யாரோ சாக்கை அவிழ்த்து மணலைக் கொட்டுவதுபோல, சரசரவென்று. கொஞ்சம் நிற்கும். மறுபடி தொடங்கும். எலி என்று நினைத்துக்கொண்டாள். எலியாகவே இருந்துவிடட்டும் என்று அல்லாஹ்விடம் கெஞ்சினாள் என்பதுதான் நிஜம். மாடி மாடியாக மண்ணாலேயே வீடு எழுப்பும் ஷிபாமில் பிறந்து, மண் வீட்டில் வளர்ந்து, மண் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். மழை நாளில் சுவருக்குள் மண் இறங்கினால் அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

"உம்மா, என்ன சத்தம் அது?" என்றாள் மகள் தைபா. பன்னிரண்டு நாள் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"எலிடி."

"எலியா? இந்த வீட்டுல மனுஷனுக்கே இவ்ளோ சோறு போடமாட்டே. எலி எப்படி இத்தனை குண்டாச்சு?"

முஸ்னா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. சுவரில் கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. விரலை அழுத்தினாள். அழுத்தின விரல் பாதி உள்ளே போயிற்று. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் இருந்தது ஐந்தாம் மாடி. வீட்டில் வேறு யாரும் இல்லை. காட்டாற்றில் வெள்ளம் வருகிறது என்று கேட்டதுமே அவள் புருஷன் சால்மீன், மருமகன், தெருவில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பேரீச்சந்தோப்புக்குக் கரை கட்டப் போய்விட்டார்கள். பிற்பகல் அஸர் தொழுகை நேரம்தான். ஆனாலும் வானம் கருகிப்போய் அறைக்குள் முகம் தெரியவில்லை.

"எந்திரி. பிள்ளையைத் துணியில சுத்து. கீழே போறோம்."

"நாற்பது நாள் ஆகாம படியிறங்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"இப்ப நான்தான் சொல்றேன், எந்திரி!"

தைபா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். முஸ்னா விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நாலாம் மாடி தாண்டி இரண்டு படி வைத்திருப்பாள். படிகளைத் தாங்கும் நடுத்தூண் ஒரு பக்கம் உப்பி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உப்பல் வாயைத் திறந்தது. ஓடி மேலே ஏறினாள். முதுகுக்குப் பின்னால் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. அடித்தளத்தில் கட்டியிருந்த ஆடுகள் ஒரே ஒரு தடவை கத்தின. அப்புறம் கத்தவில்லை.

தூசி அடங்கியபோது தாயும் மகளும் ஐந்தாம் மாடி நடையில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே போக வழியில்லை. மேலே மொட்டைமாடிக்குப் போனாலும் பக்கத்து வீடு இரண்டு ஆள் உயரம் கூடுதல், பிடித்து ஏற ஒரு பிடியில்லை. சன்னல் வழியாகக் கத்திப் பார்த்தார்கள். ஊரில் உள்ள அத்தனை கூரைக் குழாயும் சந்தில் தண்ணீரைக் கொட்டும் இரைச்சலில் அது யார் காதில் விழும்?

"உம்மா," என்றாள் தைபா மெதுவாக, "அந்தக் கதவு."

முஸ்னாவுக்கும் அதே நினைப்புதான். சொல்ல வாய் வரவில்லை.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜாவாவில் வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர், தன் இரண்டு மகன்களுக்கு முதுகோடு முதுகாகக் கட்டிக் கொடுத்த வீடுகள் இவை. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர, ஐந்தாம் மாடியில் ஒரு வாசல் வைத்தார். அதற்கு இரண்டு பக்கமும் கதவு. எத்தனை மனத்தாங்கல் இருந்தாலும் பிரசவத்துக்கும் சாவுக்கும் அதை அடைக்கக் கூடாது என்பது அவர் போட்ட கட்டளை. அன்றுமுதல் இந்த வாசல் வழியாகத்தான் மருத்துவச்சி வந்தாள், இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணி வந்தது, கடனுக்கு இஞ்சியும் ஏலமும் போயின.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அதை அடைத்தவள் முஸ்னா. ஓர்ப்படி சலூமா, பக்கத்து வீட்டுக்காரி, காப்பி குடிக்கக் கூடின இருபது பெண்களுக்கு நடுவில் வைத்து, "உன் கூரைத் தண்ணி என் செவுத்தைத் தின்னுது. வீட்டை வச்சுக்கத் தெரியாதவளுக்கு வீடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். முஸ்னாவுக்கு எரிந்தது. அடைக்கச் சொல்லிக் கொத்தனார் கராமாவைக் கூப்பிட்டாள். "அடைக்கிற வாசல் இல்லம்மா இது" என்று அவர் வந்த வழியே போய்விட்டார். சரி போ என்று அவளே தன் பக்கத்துக் கதவைக் கழற்றிப் போட்டு, பதினொரு வயது தைபா கல் எடுத்துக் கொடுக்க, தன் கையாலேயே கட்டினாள். மண் கல்லோடு விட்டாளா? அந்தப் பக்கத்துப் பேச்சு இனி ஒரு சொல்கூடக் காதில் விழக் கூடாது என்று, கூரைக்காகச் சுட்டு, அடித்து, பதப்படுத்தி வைத்திருந்த சுண்ணாம்பு அத்தனையையும் வாரி மூன்று பூச்சுப் பூசி, தெரியாமலிருக்க மேலே மண்ணை மெழுகினாள். சால்மீன் வெளியூரிலிருந்து திரும்பி வந்து கூரைச் சுண்ணாம்பு எங்கே என்று கேட்டபோது, சுண்ணாம்பு நனைந்து கெட்டுப்போயிற்று என்றாள். அவர் பாவம், நம்பினார். மழை நெருங்கிவிட்டதே என்று நாலு மூட்டை சிமெண்டைக் கொண்டுவந்து கூரையில் பூசினார். சிமெண்டு வெடித்தது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல், எட்டு மழைக்காலமாகச் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அந்தச் சுண்ணாம்பு எங்கே போயிற்று என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் இப்போது காப்பிக் கொட்டை இடிக்கும் பித்தளை உலக்கையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரின் முன்னால் நின்றாள்.

ஓங்கி ஒரு அடி. ணங் என்றது. பூச்சில் ஒரு கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தாள். சுவர் அசையவில்லை, தலைக்கு மேலே கூரை மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பிள்ளை வீறிட்டது.

"யாரது?" சுவருக்கு அந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்தும் ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. "யாரு தட்டுறது?"

"அக்கா! நான்தான்! முஸ்னா!"

முஸ்னா சுவரில் காதை ஒட்டினாள். போய்விட்டாளோ?

"எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"அக்கா, படி இடிஞ்சு போச்சு. தைபா இருக்கா. பிள்ளை இருக்கு. வீடு விழப் போகுதுக்கா!"

"அல்லாஹ்வே! நிறுத்து, உலக்கையைப் போடு! நீ அடிக்கிற அடிக்குக் கூரை உன் தலையிலதான்டி விழும்! நான் சொல்றதைக் கேளு. வாசலுக்கு மேல கிடந்த இலந்தைக் கட்டையைப் பிடுங்கினியா, அப்படியே விட்டியா?"

"விட்டுட்டேன். பிடுங்கத்தான் பாத்தேன், வரல."

"நல்லவேளை, உனக்கு அந்த அளவுக்குத் தெம்பில்ல. கட்டை இருந்தா நடுவுல எடுக்கலாம், தாங்கும். கரையான் தின்னுருக்கா, பாரு."

பூச்சுக்குள் புதைந்த கட்டையை எப்படிப் பார்ப்பது? "தெரியலக்கா," என்றாள். அழுதுவிட்டாள்.

"அழுதா கட்டை நிக்குமா? பொண்ணையும் பிள்ளையையும் சுவரோரம் ஒட்டி நிக்கச் சொல்லு. நான் கடப்பாரை எடுத்துட்டு வரேன்."

அந்தப் பக்கமிருந்து இடி தொடங்கியது. அவசரமில்லாமல், ஒரே இடத்தில், ஒரே தாளத்தில். ஒவ்வொரு இடிக்கும் முஸ்னா கண்ணை மூடித் திறந்தாள். அறைப் பக்கம் பெரிதாக ஒன்று கழன்று விழுந்தது. தைபா படுத்திருந்த மெத்தை, தொட்டில், வெந்தயக் கஞ்சி வைத்திருந்த சட்டி எல்லாமே தரையோடு கீழே போயின. மெத்தை இருந்த இடத்தில் மழை பெய்தது.

"உம்மா, நான் ஓதட்டுமா?"

"ஓதும்மா. சத்தமா ஓது."

காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைப் பாதி ஓதும்போது சுவரில் ஒரு கண் திறந்தது. அதில் விளக்கு வெளிச்சம். பிறகு சலூமாவின் கை வந்தது, மண்ணும் ரத்தமுமாக. ஒரு கல், இன்னொரு கல். இலந்தைக் கட்டை ஒருமுறை முனகியது. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். கட்டை நின்றது.

"முதல்ல பிள்ளையைக் குடு."

பிள்ளை ஓட்டை வழியே போயிற்று. அப்புறம் தைபா, தோளைக் குறுக்கிக்கொண்டு. கடைசியில் முஸ்னா நுழைந்தாள். இடுப்பு சிக்கிக்கொண்டது. சலூமா கக்கத்தில் கை கொடுத்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் அந்தப் பக்கம் போய் உருண்டார்கள். விழுந்த இடத்தில் ஒரு விரிப்பு இருந்தது. விரிப்பின் மேல் ஒரு கிண்ணத்தில் தேனும், பேரீச்சம்பழமும், புதுத் துணியில் தைத்த ஒரு சின்னச் சட்டையும் இருந்தன.

"அக்கா, நீங்க எப்படி இங்கே..."

"உன் பொண்ணுக்கு வலி வந்த அன்னிக்கே என் பக்கத்துக் கதவைத் திறந்து வச்சுட்டேன். பிரசவத்துக்கு அடைக்கக் கூடாதுல்ல? பன்னெண்டு நாளா இந்தச் செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." சலூமா பிள்ளையின் முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள். "பிள்ளை அழுற சத்தமாவது கேக்குமான்னு காதை வச்சுப் பாத்தேன்டி. அப்படிப் பூசி வச்சிருக்கே, பாவி."

முஸ்னா அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம், இருநூறு வருஷத்து வீடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. சால்மீனும் கொத்தனார் கராமாவும் சலூமாவின் வீட்டு வழியாக ஏறி வந்தார்கள். சுவர் ஓட்டை வழியே பார்த்தால் வானம். கூரை இல்லை, அறைகள் இல்லை. கீழ் மூன்று மாடி மட்டும் சேற்றுக் குவியலுக்கு நடுவில் நின்றது. ஐந்தாம் மாடியில் மிஞ்சியது வாசலை அடைத்த அந்த ஒரு துண்டுச் சுவர்தான். நடுவில் ஓட்டையோடு, மேல் மண் மழையில் கரைந்து, வெள்ளை வெளேரென்று நின்றது.

கராமா ஓட்டை வழியே கையை விட்டு அதைத் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மூணு மாடி நிக்குது, விழுந்த மண்ணையே குழைச்சுக் கல் அறுத்து மறுபடி எழுப்பிடலாம், கவலைப்படாதீங்க," என்றார். "ஆனா இது யாரு வேலை? ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகலியே! இதே சுண்ணாம்பைக் கூரையில போட்டிருந்தா உங்க பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓடியிருக்குமே, சால்மீன்."

சால்மீன் சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நனைஞ்சு கெட்டுப்போச்சுன்னு சொன்னியே?"

இந்தக் கேள்விக்கு முன்னால் நேற்று முழுக்கத் தாங்கிய பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் முஸ்னாவுக்குத் தெரிந்தது.

"கெடல," என்றாள். "நான்தான் இதுல பூசினேன்."

சால்மீன் குனிந்து சலூமாவின் கடப்பாரையை எடுத்தார். ஓட்டையைச் சுற்றி நின்ற கல்லையும் வெள்ளைப் பூச்சையும், வாசலின் முழு அகலமும் திறக்க, ஒவ்வொரு துண்டாகத் தட்டி இந்தப் பக்கம் எடுக்கத் தொடங்கினார். உதிர்ந்த சுண்ணாம்பைப் பொறுக்கிக் கூடையில் போட, முஸ்னா அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உட்காராதே என்றும் சொல்லவில்லை.