இரண்டு மடிப்பும் மூன்று மடிப்பும்

மலேசியாவின் தங்காக் நகரில் துணிக்கடைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கடையில் நிறம் பிடிக்காவிட்டால் குடையைச் சுருக்குவதற்குள் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடலாம். அந்த வரிசையில் மலர் நடத்துவது சின்னக் கடை. பட்டு, ஜரிகை எல்லாம் பக்கத்துக் கடைக்காரர்கள் பாடு. மலரிடம் திரைத்துணி, மேசைவிரிப்பு, கல்யாண வீட்டுக்கு வேண்டிய நெட் துணி, இவைதான் ஓடும். பள்ளி விட்டால் அவளுடைய அக்காள் மகள் லோஷினி நேராக அங்கே வந்துவிடுவாள்.

லோஷினி படிக்கிறது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் பெண்கள் ஹாக்கிக் குழுவுக்கு அவள்தான் கோல் கீப்பர். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் புலி மாதிரி பாய்ந்து விழுவாள். கணக்கு மட்டும் அவள் கால் இடுக்கில் புகுந்து போய்விடும். அதிலும் இந்த அடுக்குக்குறி இருக்கிறதே, மலாயில் இண்டெக்ஸ் என்பார்கள், எண்ணின் தோளில் குட்டியாக இன்னோர் எண் ஏறி உட்கார்ந்திருக்குமே, அதைக் கண்டாலே அவளுக்குக் கொட்டாவி வரும். சோதனையில் நூற்றுக்கு இருபது வாங்கினாள்.

கணக்கு வாத்தியார் சிவகணேசன்தான் ஹாக்கிக்கும் பொறுப்பு. ஆள் சிரித்துக்கொண்டேதான் கத்தியைச் சொருகுவார்.

“சனிக்கிழமை மூவார்ல ஆட்டம். வியாழக்கிழமை உனக்கு மறு சோதனை. நாற்பது எடுத்தா பஸ்ல ஏறு. எடுக்கலன்னா ஐ லிங் கீப்பரா நிப்பா.”

ஐ லிங் தங்கமான பெண். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான் குறை.

“சார், ஐ லிங் பாவம் சார். அழுதுருவா.”

“அப்ப அவளுக்காகவாவது படி லா.”

பக்கத்து மேசை தீபன் வலிய வந்து வாத்தியார் வேலை பார்த்தான். “இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. மந்திரம் மாதிரி சொல்லு. பெருக்கினா கூட்டு, வகுத்தா கழி, அடைப்புக்குறி வந்தா பெருக்கு, பூஜ்யம் வந்தா ஒண்ணு.”

“பூஜ்யம் வந்தா எப்படி ஒண்ணு வரும்? ஒண்ணுமே இல்லன்னாதானே பூஜ்யம்?”

“அதான் ஏழின் அடுக்கு பூஜ்யத்துக்கு முட்டை போட்டு, முட்டையே வாங்கினியாக்கும்.”

மந்திரத்தைச் சொல்லிக்கொண்டேதான் சித்தி கடைக்குப் போனாள். வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கடை போய்ச் சேரும்போது கூட்டல் இருந்த இடத்தில் பெருக்கல் உட்கார்ந்திருந்தது, பெருக்கல் இருந்த இடம் காலி.

செவ்வாய்க்கிழமை வாடிக்கைக்காரி செல்லம் கடைக்கு வந்தாள். மகனுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்களுக்குப் பாதாமும் சாக்லேட்டும் முடிந்து கொடுக்க நெட் துணியில் சின்னச் சின்னச் சதுரம் வேண்டும். அறுபது பேர், கைவசம் இருக்கக் கூடுதலாக நாலு. மலர் பொன்னிற நெட்டில் பெரிய சதுரமாக ஒரு துண்டை அளந்து வெட்டி லோஷினியிடம் போட்டாள்.

“லோஷி, இது அறுபத்துநாலுக்கு அளவா இருக்கு. கோடு போட்டுப் பொறுமையா வெட்டு. எனக்கு முன்னால ஆளு நிக்குது.”

கோடு போட்டு வெட்டினால் எப்போது முடிப்பது? லோஷினிக்கு ஒரு யோசனை உதித்தது. துணியை ஒரு தடவை பாதியாக மடித்தால் இரண்டு அடுக்கு. இன்னொரு தடவை மடித்தால் நாலு. ஒவ்வொரு மடிப்புக்கும் இரட்டிக்கும். மடித்து, ஓரத்து மடிப்புகளை வெட்டிவிட்டால் அத்தனையும் தனித்தனித் துண்டு. வெட்டினமாதிரியும் ஆச்சு, படித்தமாதிரியும் ஆச்சு.

இரண்டு தடவை மடித்தாள். அதற்குள் செல்லம், மாப்பிள்ளைக்கு மாலை யார் கட்டுவது என்று ஒரு கதையை ஆரம்பித்தாள். அதைக் கேட்டு முடித்துவிட்டு லோஷினி மேலும் மூன்று தடவை மடித்தாள். முதலில் இரண்டு, பிறகு மூன்று. 2² × 2³. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. இரண்டின் அடுக்கு ஆறு அறுபத்துநாலு. லோஷினிக்கே தன் மேல் மரியாதை வந்துவிட்டது. பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு ஓரத்தையும் நறுக்கிவிட்டாள்.

செல்லம் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்தாள். அது சதுரமாகவே இல்லை. நீளமாகத் தொங்கியது.

“என்னா பிள்ளை இது, பாதாம் கட்டவா, பாதாம் தின்னுட்டு வாய் துடைக்கவா?”

எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டுதான் இருந்தது.

“அலமாக், ஐயையோ! சித்தி, துணி குறைச்சலா வெட்டிட்டீங்க.”

கல்லாவிலிருந்து மலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் இருபது வருஷமா வெட்டுறேன். நீ இருபது மார்க் வாங்கினவ. யாரு தப்புன்னு நீயே பார்த்துக்க.”

அது உறைத்தது. கொஞ்சம் அல்ல, மிளகாயைக் கடித்தமாதிரி உறைத்தது. லோஷினி மேசையில் கிடந்த பழைய காகிதத்தை எடுத்து மடித்தாள். இரண்டு. நாலு. இங்கேதான் மாலைக் கதை வந்தது. அப்புறம் எட்டு. பதினாறு. முப்பத்திரண்டு. நடுவில் கதை கேட்டதால் மடிப்பு ஒன்றும் மாறிவிடவில்லை. இரண்டும் மூன்றும் ஐந்து மடிப்பு. வேறென்ன? ஐந்து தடவை மடித்துவிட்டு ஆறு தடவை மடித்தேன் என்று துணியோடு சண்டைக்கு நின்றால் துணி என்ன செய்யும், பாவம்.

“ஆன்டி, ஒரு நிமிஷம் உட்காருங்க.”

நீளத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். குறுக்கே இன்னும் ஒரே ஒரு மடிப்பு. ஓரத்தை நறுக்கினாள். அறுபத்துநாலு சதுரம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, பாதாம் முடியக் கச்சிதமாக வந்து விழுந்தது.

செல்லம் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு மேசைவிரிப்பு ஒன்றும் கேட்டாள். “மடிக்காதே கண்ணு. நீ மடிச்சா என்னாகுமோ. அப்படியே சுருட்டிக் குடு.”

லோஷினி விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு மடிப்பும் இல்லை. மடிப்பு பூஜ்யம். அதற்காகத் துணி இல்லாமல் போய்விட்டதா? ஒன்று இருக்கிறதே, கையிலேயே இருக்கிறதே.

“சித்தி, மடிக்காட்டியும் துணி ஒண்ணு இருக்கு.”

“இல்லாட்டி நான் எதைடி விக்கிறது?”

வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் சிவகணேசன் அவளைத் தனியாக உட்காரவைத்தார். சன்னல் வழியே திடல் தெரிந்தது. ஐ லிங் காலில் கீப்பரின் கனத்த பேட் கட்டிக்கொண்டு தூக்குமேடைக்குப் போகிறவளைப்போல நடந்துகொண்டிருந்தாள்.

முதல் கேள்வி 2⁴ × 2⁵. நாலு மடிப்பு, அப்புறம் ஐந்து மடிப்பு. இரண்டின் அடுக்கு ஒன்பது என்று எழுதினாள். அடுத்தது அந்தப் பழைய பகையாளி, 7⁰. ஒரு மடிப்புக்கு ஏழாகப் பெருகும் துணியை அவள் பார்த்ததில்லை. இருந்தாலும் மடிக்காதவரை அதுவும் ஒன்றுதானே? ஒன்று என்று போட்டாள்.

பிறகு வந்தது (2²)³. மறுபடியும் அந்த இரண்டும் மூன்றும். இனி ஏமாறமாட்டேன் என்று கூட்டி, அடுக்கு ஐந்து என்று எழுதிவிட்டாள்.

எழுதிய கை அங்கேயே நின்றது. இரண்டும் மூன்றும் கூட்டினால் ஐந்து மடிப்பு, முப்பத்திரண்டு துண்டு, அதைத்தான் செவ்வாய்க்கிழமை வெட்டினோமே. இதில் அடைப்புக்குறி இருக்கிறதே, சும்மாவா போட்டிருப்பார்கள்? தாளின் ஓரத்தில் ஒரு துணி வரைந்தாள். இரண்டு மடிப்பு ஒரு கட்டு. அந்தக் கட்டு மூன்று தடவை. இரண்டு, இரண்டு, இரண்டு. ஆறு மடிப்பு. பெருக்கல் இங்கேதான் குடியிருந்ததா? அன்றைக்கு மூன்று தடவையும் இரண்டிரண்டாக மடித்திருந்தால் செல்லம் கேட்டது ஒரே வெட்டில் கிடைத்திருக்கும். ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.

சிவகணேசன் அங்கேயே நின்றுகொண்டு திருத்தினார். சிவப்புப் பேனா ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. லோஷினி பேனாவைப் பார்க்காமல் திடலைப் பார்த்தாள். ஐ லிங் காலுக்கு நடுவில் இன்னொரு பந்து போனது.

“இது என்னா படம், ஓரத்துல?”

“துணி சார்.”

“கணக்குத் தாள்ல துணியா?” அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். அடித்த ஐந்தையும் பக்கத்திலிருந்த ஆறையும் பார்த்தார். கூட்டிப் போட்டார். “நாற்பத்திரண்டு. இந்தக் கேள்வி போயிருந்தா பஸ்ஸும் போயிருக்கும். மைனஸ் அடுக்கு வந்த இடமெல்லாம் கோட்டை விட்டிருக்கே.”

“அதுக்குத் துணியைப் பாதி பாதியா கிழிக்கணும் போல சார். சித்தி விடமாட்டாங்க.”

வாத்தியாரின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சன்னலைக் காட்டினார்.

“போ. போயி அந்தப் புள்ளகிட்டேருந்து பேட்ட வாங்கு.”

லோஷினி படிகளில் தாவி இறங்கினாள். அவளைப் பார்த்ததும் ஐ லிங்குக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திடல் நடுவிலேயே உட்கார்ந்து பேட்டின் வாரை அவிழ்க்கத் தொடங்கினாள்.