சாந்தாமணி காத்திருந்த மருந்து

…அப்படியேதான் சொன்னானா, புற்றுநோய்க்கு இனிக் கத்தியே வைக்க வேண்டியதில்லை என்று? சொன்னான். தன் கல்யாணத்தன்று, இணைச்சீர்ச் சடங்கு முடிந்த கையோடு. கூறைச்சேலையின் ஒரு தலைப்பை இவன் பிடிக்க மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அக்கா சாந்தாமணியின் காதில் விழும்படிதான் சொன்னான். அமெரிக்காவில் என்ன வேலை மாப்பிள்ளை என்று யாரோ கேட்க, லட்சுமணசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்ம கொட்டமுத்து இருக்கே, ஆமணக்கு, அதுல ஒரு விஷம், எந்த உயிரணுவானாலும் பற்றிக்கொண்டு கொன்றுவிடும், நாங்கள் அந்தப் பற்றுகிற பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டுகிறோம், அது புற்றணுவின் மேலிருக்கிற ஏற்பிகளை மட்டும் தேடிப் போய்ப் பிடிக்கும், ரெண்டே வருசம்… ரெண்டு வருசமென்று இவனுக்கு யார் சொன்னது? ஆய்வகத்தில் எலிகள் செத்துக்கொண்டிருந்தன, ஈரலிலும் அதே ஏற்பி கொஞ்சம் இருந்து தொலைத்தது, விஷம் அங்கேயும் போனது, அதைச் சொல்லியிருக்கலாமே, கல்யாண வீட்டில் செத்த எலியைப் பற்றி எவன் பேசுவான்… அன்றைக்கே அக்காவின் மார்பில் கட்டி இருந்திருக்கிறது. பட்டாணி அளவுதானாம். கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், பேசாமல் உடுமலைக்குத் திரும்பியிருக்கிறாள், மாமாவிடம்கூட மூச்சு விடாமல், தம்பிதான் மருந்து கொண்டு வருவானே என்று இருந்திருக்கிறாள்.

சொன்ன ரெண்டு வருசமும் தாண்டி, இப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். வெட்டி எடுக்க முடியுமா, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதா என்று பெரிய டாக்டர் இன்றைக்குச் சொல்லப்போகிறார். கட்டி அக்குள்வரை பரவி அவள் இடது கை வீங்கியிருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்க்கிறான். ஏம்மா இவ்வளவு நாள் வரவில்லை என்று காலையில் சின்ன டாக்டர் கேட்டபோதும் ஃபேனைத்தானே பார்த்தான்…

“ஏனுங்க, தம்பி டாக்டருங்களா?” தொண்டாமுத்தூரிலிருந்து வந்திருந்த பக்கத்து அம்மாள் அக்காவைக் கேட்டாள்.

“டாக்டருக்கே மருந்து செஞ்சு குடுக்கறவனுங்க. கொட்டமுத்து வெசத்துலயாமா.”

“கொட்டமுத்தா? எங்க வேலியோரமே மொளைச்சுக் கெடக்குதுங்களே, அதுக்கா பிளேனேறிப் போனாரு!”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் பெருமை வேறு. இவனுக்குக் காது மடல் சுட்டது. உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும், என்னால்தான் டாக்டர், இல்லாத மருந்தை இருக்கிறதென்று சொன்னேன், நம்பிவிட்டார்கள்… முதல் வார்த்தை எது, மன்னிப்பா, அது யாரிடம், டாக்டரிடமா? அவர் என்ன செய்வார், எந்தக் காலேஜில் படித்தாய் என்று கேட்பாரோ, கேட்கட்டும், ஊரே கேட்கட்டும்…

நர்ஸ் அக்காவின் பேரைக் கூப்பிட்டாள். எழுந்தவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டு, இவன் பக்கம் குனிந்தாள்.

“கண்ணு, டாக்டரு கேட்டா, நானே ஆப்பரேசனுக்குப் பயந்துட்டு ஊட்டுலயே கெடந்துட்டேன்னு சொல்லிப்போடறேன். நீ வாயத் தொறக்காதே. படிச்ச பையன், உன்ற பேரு எதுக்கு இதுல?”

“இல்லீங்க்கா, நான்…”

“சும்மா வா சாமி.”

தெரிந்திருக்கிறது இவளுக்கு, எப்போதிலிருந்து, மருந்து வராதென்று? வேண்டாம், நானே சொல்கிறேன் என்றுதான் வாயெடுத்தான், சத்தியமாக… ஆனால் அதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், உள்ளே ஏதோ தளர்ந்து இறங்கியதே, அது என்ன? அப்பாடா என்றல்லவா இருந்தது? அக்கா கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பார்த்திருப்பாளோ…