துறையடிப் பலகை

கிண்ணியாத் துறையில், பாதை வந்து முட்டும் இடத்துக்கு வலப்பக்கமாக, சேற்றுக் கரையில் ஒரு பலகை நின்றது. பச்சைப் பூச்சு, வெள்ளை எழுத்து. பாதை என்றால் நடக்கிற பாதை என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. பாலம் இல்லாத அந்தக் காலத்தில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் போய்வந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதிலிருந்து இறங்குகிற எல்லாரும் அந்தப் பலகையை வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாத சித்தி பரீதாதான் அதைத் தினமும் துடைத்து வைத்தாள், ஏனென்றால் அதில் அவளுடைய பெயர் இருந்தது. எது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும். ஸுல்பிகா டீச்சர் விரலால் தொட்டுக் காட்டியிருந்தாள்.

டீச்சர் பட்டணத்து ஸஹாப்தீன் மரைக்காரின் மகள். மரைக்கார் கண்மூடி மௌத்தாகுமுன், தன் கடைகளில் ஒன்றின் வருமானத்தை இந்தப் பக்கத்து மரத்துக்கும் தண்ணீருக்கும் என்று எழுதிவைத்தார். ஸஹாப்தீன் தர்ம நிதியம் என்று அதற்குப் பெயர். சல்லிக் கிராமத்தில் ஆமை முட்டையிடும் மணலுக்கு வேலி கேட்டார்கள், கொடுத்தார்கள். சாம்பல்தீவில் குளக்கட்டுக்கு மரக்கன்று கேட்டார்கள், கொடுத்தார்கள். கிண்ணியாவிலிருந்து கேட்டுப் போனவள் பரீதா. துறையோரத்துக் கண்டல் மரங்களை விறகுக்கு வெட்டி முடித்த பிறகு மாரிக்கு மாரி அலை கரையைத் தின்றுகொண்டிருந்தது. கண்டல் வேர் இல்லாத இடத்தில் இறால் குஞ்சும் தங்காது. காயை நானே பொறுக்குவேன், நானே நடுவேன், ஆடு மாடு நுழையாமல் வேலி மட்டும் தாருங்கள் என்றாள். நிதியம் வேலியும் கொடுத்தது, அவள் கேட்காத சிறு கூலியும் கொடுத்தது. முருங்கைக்காய் போல நீண்ட கண்டல் காய்களை அவள் சேற்றில் குத்தி வைத்தாள். நுனியில் இலை வந்தது. அப்போதுதான் பலகையும் வந்தது.

ஒரு நாள் முற்பகல், பாதையிலிருந்து இறங்கிய வயதான பெண்ணொருத்தி பலகையின் முன் நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகனைக் கேட்டாள். அவன் உரத்து வாசித்தான்.

"ஸஹாப்தீன் தர்ம நிதியத்தின் உதவி பெறுபவர், சித்தி பரீதா."

"பாவம்," என்றாள் அந்தப் பெண். முழங்கால் சேற்றோடு நின்ற பரீதாவிடம் வந்து, அவள் கையை விரித்து ஒரு நாணயத்தை வைத்து மூடினாள். "வச்சுக்கொள்ளுங்க மகள். வேற ஒண்டும் கையில இல்ல."

பரீதா அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வாய் அவளை முந்திவிட்டது. வாங்கியவர் கொடுத்தவருக்காகக் கேட்கும் துஆவை அது பழக்கத்தில் சொல்லிவிட்டது. பாதையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஸைனுலாப்தீன் எல்லாவற்றையும் பார்த்தான்.

அவன் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது அவளுடைய அண்ணன், முஹம்மது தம்பி நானாதான். கடை வைத்திருந்த மனுஷன், நோன்பு மாதத்தில் ஏழைகளுக்கு ஸகாத் கொடுக்கிறவர். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இந்த நோன்புக்கு என்ட தங்கச்சியையும் வரிசையில நிப்பாட்டவா?"

பாண் ரொட்டி வாங்க ஊரே வரிசையில் நின்ற காலம் அது. அந்த வரிசையில் நிற்க யாருக்கும் வெட்கமில்லை. நானா சொன்னது வேறு வரிசை. பரீதா அன்றோடு கரைக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பாதைக்காரர் மூலம் செய்தி போய், டீச்சர் வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் கறுத்துப் போயிற்று. தர்மம் என்ற அந்தச் சொல் அவளுக்கு வாப்பாவின் நல்ல பெயர். வாங்குகிறவளுடைய காதில் அது எப்படி விழும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. பரீதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், ஆட்கள் பார்த்திருக்கத் துறைக்குப் போய்ப் பலகையைத் தானே ஆட்டிப் பிடுங்கி, அடுத்த பாதையில் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பாருங்கள், அன்புதான் அது. ஆனால் ஊர் பார்த்தது வேறு. நிதியத்துக்காரி கோபத்தோடு வந்தாள், பலகையைப் பிடுங்கினாள், போனாள். பரீதா நிதியத்தில் எதையோ களவெடுத்துப் பிடிபட்டுவிட்டாள் என்று பேச்சு. கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். நானா மறுபடியும் வந்தார். இந்த முறை சத்தமில்லாமல் வந்து, குசினிக்குள் அடுப்படியில் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"எனக்கு மட்டும் சொல்லு. நீ என்னத்த எடுத்தா?"

தர்மம் எடுத்தவள் என்றபோது அவளால் அழ முடிந்தது. இப்போது அழுகையும் வரவில்லை. ஒன்றும் எடுக்கவில்லை என்று அவள் சொன்னதை நானா நம்பியதாகத் தெரியவில்லை. எவ்வளவு என்றாலும் நான் திருப்பிக் கட்டிவிடுவேன், நீ பயப்படாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவள் பட்டணத்தில் டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். பலகை அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்திருந்தது.

"பலகையத் தாங்க டீச்சர். அது அங்க நிண்டாத்தான் நான் களவெடுக்கல்லண்டு நம்புவாங்க."

"வேற சொல் போட்டுத் தாறன் ராத்தா. நாளைக்கே எழுதுவிப்பன்."

"வேணாம். இப்ப அழிச்செழுதினா, அழிச்சதத்தான் வாசிப்பாங்க."

டீச்சர் பலகையை எடுத்துக் கொடுத்தாள். கூட வரட்டுமா என்று கேட்டாள். பரீதா மறுத்தாள், நீங்கள் வந்தால் நீங்கள் மன்னித்துவிட்டதாகச் சொல்வார்கள் என்றாள்.

பாதையில் சனம் நிறைந்திருந்தது. பலகையின் எழுத்துப் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பித்தான் முதலில் பிடித்தாள். பிறகு, மறைத்தால் களவுப் பொருளாகிவிடும் என்று வெளியே திருப்பினாள். கண்கள் எழுத்தில் ஓடுவதையும், ஓடி முடித்து அவள் முகத்துக்கு ஏறுவதையும் கீழே பார்த்தபடியே உணர்ந்தாள். ஸைனுலாப்தீன் இறங்குபலகையைச் சரித்தபோது அவளைப் பார்த்தான். உதவிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. பலகையைச் சுமந்து வந்தவள் தான்தான் என்று எல்லாரும் காண வேண்டும்.

வேலி ஓரிடத்தில் சரிந்து, உள்ளே ஆடுகள் நின்றன. நுனி கடித்த கன்றுகள் குச்சிகளாக நின்றன. ஆடுகளை விரட்டிவிட்டு வேலியை நிமிர்த்தினாள். பழைய குழியில் பலகையை இறக்கினாள்.

புறப்பட்ட பாதையிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். "என்ன ராத்தா, தர்மம் திரும்பக் கிடைச்சிட்டா?"

சிரிப்புக் கேட்டது. சிரித்தவர்களுக்கிடையில் அவள் கணவனும் நின்றான். அவன் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பரீதாவின் காது இரண்டும் எரிந்தன. முக்காட்டை இழுக்கப் போன கையில் சேறு இருந்தது.

"ஓம்," என்றாள், அக்கரை வரை கேட்கும்படி. "தர்மந்தான். திரும்பக் கிடைச்சிட்டு."

பிறகு குனிந்து, பலகையின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். பாதை கண்ணுக்கு மறையும் வரை அவள் நிமிரவில்லை.