வடக்கே சூலம்

நவரத்தினம் கனடாவுக்குப் போகிறார் என்ற செய்தி அவருக்கு முந்தியே கனடா போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில், எர்லாங்கனில் யாரோ யாருக்கோ சொல்ல, அவர் வேலையால் வீடு திரும்புவதற்குள் டொரோண்டோவிலிருந்து தங்கை குமுதினி தொலைபேசியில் பிடித்துவிட்டாள். எப்போது வருகிறாய், எத்தனை நாள் நிற்பாய், மீன் வாங்கி வைக்கவா இறைச்சி வாங்கி வைக்கவா என்று கேள்விமேல் கேள்வி.

கனடா என்றால் நம்மவர்களுக்கு ஒரே ஊர்தான். அது டொரோண்டோ. மிச்சமெல்லாம் டொரோண்டோவின் பின்வளவு. தான் போவது வைட்ஹோர்ஸ் என்ற ஊருக்கு, அது வடமேற்கு மூலையில் காட்டுக்கு நடுவே இருக்கிறது, அங்கிருந்து உன் வீட்டுக்கு வருவதென்றால் இன்னொரு முழுப் பயணம் என்று நவரத்தினம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். குமுதினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்கு வா என்றாள். அடுத்த இரண்டு கிழமைக்குள் யாரோ ஒருவரின் மகளுக்குச் சேலை, யாரோ ஒருவரின் மூட்டுவலிக்குத் தைலம் என்று அவர் வீட்டு வாசலில் பொதிகள் சேரத் தொடங்கின. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா?

அவர் வேலை செய்தது காற்றையும் பனியையும் அளக்கும் கருவிகள் செய்கிற ஒரு சிறிய கம்பனியில். அந்த வைட்ஹோர்ஸ் நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள் சில கம்பங்கள் நட்டு, அவற்றில் கருவிகள் பூட்டி, நிலத்துக்குக் கீழே கேபிள் இழுக்கவேண்டும். கோடையில்தான் அங்கே மண் இளகும். ஆகவே ஒன்றரை மாதம், ஆறு கிழமை வேலை. கேபிள் வேலைக்கு நவரத்தினம். அவருடைய மேலாளர் அன்னா, "நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டபோது, யோசிக்க முதலே அவர் வாய் ஆம் என்று சொல்லிவிட்டது. யோசித்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பார்.

வீட்டில் ஆயத்தம் தொடங்கியது. மனைவி குணேஸ்வரி மூன்று வீடுகளில் குளிர் அங்கிகள் இரவல் வாங்கி வந்தாள். ஒன்று அடுத்த தெருச் சந்திரகாந்தி அக்காவின் கணவர் இரத்தினத்தாருடையது. அதற்குள் இரண்டு நவரத்தினங்கள் குடியிருக்கலாம். மியூனிக்கில் படிக்கும் மகள் ஆதிரை விடுமுறைக்கு வந்து நின்றாள். அவள் கைத்தொலைபேசியை நீட்டி, அங்கே இப்போது இங்கேயிருக்கிற அதே வெயில்தான், குளிர் இல்லை, நுளம்புக்கடிதான் பிரச்சினை என்று காட்டினாள். குணேஸ்வரி திரையைப் பார்க்கவே இல்லை. வடக்கு என்றால் வடக்குத்தான், அங்கே வெயிலும் குளிராகத்தான் எறிக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அங்கியை மடித்தாள்.

கம்பனியில் அன்னா கரடிப் பாடம் நடத்தினாள். கரடி வந்தால் ஓடக்கூடாது, அமைதியான குரலில் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும், நெருங்கினால் இந்தப் புட்டியில் இருக்கிற கரடி விரட்டும் மருந்தை அதன் முகத்தில் பீச்சியடிக்க வேண்டும். கார் தரிப்பிடத்தில் ஒத்திகை நடந்தது. தண்ணீர் நிரப்பிய புட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அன்னாவே கரடியாகி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உறுமியபடி வந்தாள். நவரத்தினம் "மன்னிக்க வேண்டும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் பழகிய பழக்கம், கரடிக்காக மாறுமா?

அந்தப் புட்டிக்குள் இருப்பது மிளகாய்ச் சாறுதான் என்று வீட்டில் வந்து சொன்னது அவர் செய்த பிழை. குணேஸ்வரிக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது.

"எங்கட தூளை விட்டிட்டு, வெள்ளைக்காரன்ரை தூளை நம்பியே கரடிக்கு முன்னாலை போய் நிக்கப் போறியள்?"

கரடிக்குக் கருவாட்டு வாசம் காததூரம் போகும், மணக்கும் சாப்பாடு ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்று அன்னா சொன்னதையும் அவர் சொல்லவேண்டியதாயிற்று. பெட்டிக்குள் ஏற்கெனவே கருவாட்டுச் சம்பல் நான்கு உறை சுற்றிப் படுத்திருந்தது. அரைநாள் வழக்கு நடந்தது. கடைசியில் கருவாடு இறங்கியது, தட்டைவடை தங்கியது, மிளகாய்த்தூள் இரண்டு போத்தல் கூடியது.

இவ்வளவு கூத்துக்குள்ளும் நவரத்தினத்துக்கு இரவில் நித்திரை இல்லை. கரடிக்குப் பயமில்லை. பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குத்தான் பயம்.

தொண்ணூறாம் ஆண்டு அவரைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், ஜெர்மனியில் இரண்டு நாள், பிறகு நேரே கனடா என்றுதான் சொன்னான். அவரைவிடப் பத்து வயது மூத்த யாரோ ஒருவனின் பாஸ்போர்ட்டைக் கையில் திணித்து, அந்த ஆளின் பெயரையும் பிறந்த திகதியையும் பாடமாக்க வைத்தான். பிராங்க்பர்ட்டில், கனடா விமானத்துக்குப் போகும் வழியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரன் படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், எழுந்து வந்து தோளில் கை வைத்தான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் அவர் கனடா போன கதை. அகதி மனு, முகாம், வேலை, கலியாணம், பிள்ளை, குடியுரிமை என்று எல்லாம் பிறகு நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் அவர் திரும்பப் போய் நிற்கவில்லை. ஊருக்குப் போனதெல்லாம் மியூனிக் வழியாக. கனடா விமானம் என்றாலே அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வந்ததால், குமுதினியின் மூத்த மகளின் கலியாணத்துக்கு மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டு, தனக்கு லீவு தரவில்லை என்று சொன்னார். குணேஸ்வரிக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

வைட்ஹோர்ஸுக்குக் கம்பனி பதிந்த விமானம் பிராங்க்பர்ட்டிலிருந்து. இந்த முறை பெயர் அவருடையது, பாஸ்போர்ட் அவருடையது. ஒருதரமாவது சொந்தப் பெயரோடு அந்த இடத்தைத் தாண்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை எவ்வளவோ அவ்வளவு பயம்.

அந்த நேரம் பார்த்துக் குணேஸ்வரி பஞ்சாங்கத்தைத் திறந்தாள். பயணம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு வடக்கே சூலம். இவர் போவதோ வடக்கு, அதுவும் சாதாரண வடக்கு இல்லை. ஆதிரை திசைகாட்டியை எடுத்து, பிராங்க்பர்ட் எர்லாங்கனுக்கு மேற்கே இருக்கிறது என்று நிறுவப் பார்த்தாள். போய்ச் சேருகிற திசைதான் கணக்கு என்று தாய் ஒரே போடாகப் போட்டாள். சூலத்துக்குப் பரிகாரம் ஒரு கோப்பை பால். ஆனால் பால் குடித்தால் நவரத்தினத்தின் வயிறு அரைமணி நேரம்கூடத் தாங்காது. பத்து மணி நேர விமானத்தில் சூலத்தைவிட அது பெரிய ஆபத்து.

மிஞ்சியது ஒரே வழி. நல்ல நாளில், நல்ல நேரத்தில், பெட்டியை வீட்டுப்படி தாண்டி வெளியே எடுத்து இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பிறகு எப்போது போனாலும் தோஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டி அடுத்த தெருவில் சந்திரகாந்தி அக்கா வீட்டுக்குப் புறப்பட்டது. நவரத்தினம் அதை உருட்டிக்கொண்டு போனபோது தெருவில் கண்டவர்கள் எல்லாம் கைகாட்டி வழியனுப்பினார்கள். பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அவர்களுக்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய் காலை தோள்பையை அடுக்கும்போது பாஸ்போர்ட்டைக் காணவில்லை. மேசை, அலுமாரி, சட்டைப்பை எல்லாம் கிளறினார். குணேஸ்வரி தேநீர் ஆற்றியபடி நிதானமாகச் சொன்னாள்.

"அது பெட்டிக்குள்ளை. ஞாயிற்றுக்கிழமையே வெளிக்கிட்டிட்டுது. வெறும் உடுப்பு மட்டும் போனால் அது உங்கட பயணமாகுமோ? உங்கட பேர் உள்ள சாமான் ஒண்டு போகவேணும்."

கோபப்பட நேரம் இல்லை. ஆதிரை காரை எடுக்க, மூவரும் சந்திரகாந்தி அக்கா வீட்டுக்குப் போனார்கள். மணியை அடித்தால் பதில் இல்லை. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தொலைபேசி எடுத்தால், அக்காவின் குரலுக்குப் பின்னால் மேளமும் நாதஸ்வரமும் கேட்டன. அவள் ஜெர்மனியின் வடக்கே ஒரு கோயில் திருவிழாவில் நின்றாள். திங்கள் போய்த் திங்களே திரும்புவதாகத்தான் எண்ணமாம். சொந்தக்காரர் மறித்துவிட்டார்களாம். பெட்டி?

"பெட்டி என்னோடைதான் தம்பி. திங்கட்கிழமை வடக்குக்குச் சூலம் இல்லை. அதுதான் உம்மட பெட்டியையும் வடக்கை கொண்டுவந்து, அம்மாளின்ரை காலடியிலை வைச்சு அருச்சனையும் செய்துபோட்டன். இனி உமக்கு ஒரு குறையும் வராது."

பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பெட்டிக்கு நாள் பார்த்து, அந்தப் பெட்டியே ஆளை விட்டுவிட்டு நாள் பார்த்துப் போன கதை வேறு எந்தச் சாதிசனத்தில் நடக்கும்? அக்காவைத் திட்டவும் முடியாது. அவள் செய்ததெல்லாம் நல்ல எண்ணத்தில் செய்தது. நல்ல எண்ணத்துக்கு எதிராக யாரும் வாதாடி வென்றதில்லை. இரத்தினத்தார் காரை எடுத்து நேரே பிராங்க்பர்ட்டுக்கு விரட்டி வருவதென்றும், இவர்கள் இங்கிருந்து அங்கே போவதென்றும் முடிவாயிற்று.

விமான நிலையத்தில் அன்னா காத்துநின்றாள். பொதி எங்கே என்று கேட்டாள். அது வேறு வழியால் வருகிறது என்றார் நவரத்தினம். அன்னா, எவ்வளவு ஒழுங்கான மனிதர், பொதியை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார் என்று குணேஸ்வரிக்கும் ஆதிரைக்கும் சொல்லி மெச்சிவிட்டு, பொதி பதியப் போனாள்.

நவரத்தினம் ஒரு வாங்கில் உட்கார்ந்தார். இரண்டு போலீஸ்காரர் நடந்து வந்தார்கள். அவர்கள் கோப்பிக் கடைக்குத்தான் வந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதே இடம், கையில் தன்னுடையதென்று காட்ட ஒரு கடதாசி இல்லை. வயது ஐம்பத்தேழு என்பது மறந்துபோயிற்று. மகள் பக்கத்தில் வந்து இருந்து, ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டாள். மறைத்துப் பழகியவர்தான். ஆனால் இப்போது மறைக்கத் தெம்பு இருக்கவில்லை.

"இஞ்சைதான் பிள்ளை என்னைப் பிடிச்சவை. வேறை ஆளின்ரை பாஸ்போட்டிலை கனடாவுக்குப் போகேக்கை."

ஆதிரை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மச்சாளின்ரை கலியாணத்துக்கு லீவு தரேல்லை எண்டது?"

"லீவு தந்தவங்கள்," என்றார்.

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். குணேஸ்வரி மற்றப் பக்கத்தில் வந்து இருந்து, தன் பங்குக்கு நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பெட்டி வராவிட்டால் நல்லது, இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் மனதின் ஒரு பக்கம் சொன்னது. அந்தப் பக்கத்தின்மேல் அவருக்கே வெறுப்பாக இருந்தது.

பொதி பதியும் இடத்தை மூடச் சற்று முன்னால், பட்டுச்சேலை சரசரக்கச் சந்திரகாந்தி அக்கா ஓடிவந்தாள். பின்னால் இரத்தினத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிலில் பெட்டியைத் தள்ளியபடி. பெட்டியின் கழுத்தில் மாலை. ஆதிரை பாய்ந்து பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தாள். ஐயர் தன் கடமையில் குறை வைக்கவில்லை. பாஸ்போர்ட்டின் படத்தில், நெற்றியின் நடுவில், சந்தனமும் குங்குமமும் வட்டமாக ஏறியிருந்தன. நவரத்தினம் லேஞ்சியை எடுத்து அழுத்தித் துடைத்தார். சந்தனம் போனது, குங்குமம் இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, அம்மாள் வைத்த பொட்டை அழிக்கலாமா என்று கண்டித்து, மிச்சமிருந்த பிரசாதத்தை எடுத்து அவர் நெற்றியிலும் பெரிதாக ஒன்று வைத்தாள்.

பெட்டியைப் பதிந்துவிட்டு உள்ளே போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் ஆதிரையின் வயதுப் பொடியன். பாஸ்போர்ட்டைத் திறந்தான். படத்தைப் பார்த்தான், அதில் பொட்டு. ஆளைப் பார்த்தான், அதிலும் பொட்டு. திரும்பப் படத்தைப் பார்த்தான். நவரத்தினம் வழி முழுவதும் ஜெர்மனில் கோத்து வைத்திருந்த விளக்கமெல்லாம் ஒன்றுமில்லாமல் கரைந்துபோனது. கேளாமலே தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் பிறந்த ஊரையும் உரத்துச் சொன்னார். பின்னால் நின்ற அன்னா நிமிர்ந்து பார்த்தாள். தெரியும், இதில் எழுதியிருக்கிறது என்று அந்தப் பொடியன் சிரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டி, நல்ல பயணம் என்றான்.

நவரத்தினம் நகரவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்," என்றான்.

நாலடி தள்ளிப் போய் நின்றார். முப்பத்தைந்து வருடப் பயத்தை அவ்வளவுதான் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டானே என்று முதலில் அந்தப் பொடியன்மேல் கோபம் வந்தது. பிறகு, குமுதினியின் மகளின் கலியாணத்தில் தான் இல்லாத படங்கள் நினைவுக்கு வந்தன. பிறகுதான் அழுகை வந்தது. அன்னா பதறிப்போய் அருகில் வந்து, வீட்டு நினைவு வந்துவிட்டதாக நினைத்து, ஆறு கிழமைதானே, ஓடிப்போய்விடும் என்று ஆறுதல் சொன்னாள்.

நவரத்தினம் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் இங்கே திரும்பி வரும் விமானத்தை ஒரு கிழமை பின்போட்டுத் தரமுடியுமா, தனக்கு லீவு வேண்டும், டொரோண்டோவில் தங்கை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள் என்று கேட்டார்.