ரஹமீம் வீட்டுக் கதவு

ஜெருசலேமில் எங்கள் யூதச் சந்துக்கு, மன்னிப்பு கேட்கும் எலுல் மாதம் பிறந்தால் நான்தான் சேவல். விடியற்காலை நாலு மணிக்குத் தடியால் கதவு கதவாகத் தட்டி, பாட்டுப் பாடி, மன்னிப்பு ஜெபத்துக்கு ஆண்களை எழுப்புவேன். மீன்காரன் ரஹமீம் வீட்டுக் கதவை மட்டும் இந்த வருஷம் தொடவில்லை. என் பாட்டைக் கேட்டுத் தொட்டி மீன் செத்ததென்று சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னவன் அவன். கிடக்கட்டும், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தோராம் நாள் வந்தது வினை. தினமும் பத்தாவது ஆளாக வரும் கிழவர் எஸ்ரா மகளைப் பார்க்க ஹைஃபா ஊருக்குப் போய்விட்டார். ஜெபக்கூடத்தில் ஒன்பது பேர்தான் இருந்தோம். பத்துப் பேர் இல்லாமல் முக்கியமான வரிகளைச் சொல்ல முடியாது. விடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்பது எங்கள் குருவான ரபியின் பிடிவாதம்.

"ஒபாத்யா, ரஹமீமைக் கூப்பிடு," என்றார் ரபி.

"வேற யாராவது போகட்டுமே."

"தடி உன் கையிலதானே இருக்கு? மனுஷன்கிட்ட பேச மாட்ட, கடவுள்கிட்ட மட்டும் மன்னிப்பு கேப்பியாக்கும்?"

தடியோடு கிளம்பினேன். வானம் வெளுத்துவிடுமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே ஓடினேன். வீறாப்பை விடாமல் தடியின் நுனியால் ஒரே தட்டு. சட்டென்று கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கக்கத்தில் ஜெபப் புத்தகம் என்று ரஹமீம் நின்றான்.

உள்ளேயிருந்து அவன் மனைவி சிம்ஹா கத்தினாள்: "வந்துட்டியாண்ணே? மாசம் பூரா மூணு மணிக்கே எழுந்து கதவுக்குப் பின்னால நிக்கிறாரு. தட்டாம வரமாட்டாராம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "என்னை மன்னிச்சிடுய்யா," என்றேன்.

"மீன் உன் பாட்டால சாகலை. தண்ணி மாத்த மறந்துட்டேன்," என்றான். பிறகு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

"யோவ், நேரமாச்சு!"

"எல்லார் வீட்டுலயும் தட்டுற மாதிரி தட்டு. இருபது நாள் பாக்கி."

தட்டினேன், இருபது தட்டு, முழுப் பலத்தோடு. பாதியிலேயே என் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன, திட்டு விழுந்தது, நாய்கள் குரைத்தன. ஜெபக்கூடத்துக்கு நாங்கள் ஓடியபோது, தூக்கம் கலைந்த கோபத்தில் பின்னாலேயே, நான் எழுப்பியும் வராத இன்னும் ஆறு பேர் ஜெபத்துக்கு வந்தார்கள்.