சாக்கில் வந்த பிச்காரி

இந்தப் பிள்ளைகளில் ஒன்றுகூட இப்படி ஒரு பிச்காரியை, தண்ணீர் பீச்சும் குழலை, கையில் பிடித்திருக்காது, சாருலதா டீச்சர்கூடப் பிடித்திருக்க மாட்டார். நினைக்கும்போதே ஆபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. மாட்டுங்காவில் அந்தப் பள்ளியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கிளார்க்காக இருக்கிறாள். வகுப்பில் நின்று பேச அவளை யாரும் அழைத்ததில்லை. இன்று ஏழாம் வகுப்பில் 'அந்தக் கால விளையாட்டு' தினம். அக்கவுண்டன்ட் வைத்தீஸ்வரன் பம்பரம் சுற்றிக் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போயிருந்தார். அடுத்து அவள்.

"எங்க வாப்பாவுக்கு தாராவியில பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேல. ஆஸ்பத்திரிலேருந்து சாக்குச் சாக்கா சிரிஞ்ச் வரும். எங்க காக்கா, அதான் அண்ணன், சாக்கப் பிரிச்சு ஆளுக்கு நாலஞ்சு எடுத்துக் குடுப்பான். பெரிய தண்ணிக் குழாய்க்கு மேல ஒரு கட்சி, கீழ ஒரு கட்சி. முதுகு நனைஞ்சா அவுட்டு. கடைப் பிச்காரி ரெண்டே நாள்ல ஒழுகும். எங்களுது ஒழுகவே ஒழுகாது."

பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, நீடில் இருக்காதா?"

"இருக்குமே. பல்லால கடிச்சு ஒரு இழு. வந்துரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், போன வாரம் நடத்துனீங்கள்ல? யூஸ் பண்ண நீடில் குத்தினா ஜான்டிஸ் வரும்னு..."

"அது அப்புறம் பேசலாம், ஒக்காரு," என்றார் சாருலதா அவசரமாக.

ஆபிதாவின் நாக்கு தானாகப் போய் மேல்வரிசைக் கோரைப்பல்லைத் தொட்டது. அந்தப் பல்லால்தான் இழுப்பாள். அந்தப் பல்லால்தான் தங்கை ஆஸியாவுக்கும் இழுத்துக் கொடுத்தாள், முதல் நாள் மட்டும். மறுநாள், "நீயே கடிச்சு எடுளா, சின்னப்புள்ளயா நீ?" என்றாள். ஆஸியாவுக்கு ஏழு வயது. தங்கை கடித்தாள், ஊசி வழுக்கி ஈறில் குத்தியது. துப்பியபோது தண்ணீர் சிவப்பாக இருந்தது. "உம்மாட்ட சொன்னா ஆட்டத்துக்கே விடமாட்டா," என்று ஆபிதா சொன்னாள். ஆஸியா வாயைத் துடைத்துக்கொண்டு குழாய்மேல் ஏறினாள்.

வகுப்பிலிருந்து எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. வராந்தாவில் சாருலதா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"யாருக்குத் தெரிஞ்சது அப்போ? மனசுல வெச்சுக்காதீங்கோ, ஆபிதா."

"டீச்சர், கோலா சாப்பிட்டு நாலு நாள்ல மஞ்சக்காமாலை வருமா? பர்ஃப் கோலா, ஐஸச் சீவிக் குச்சில வெச்சுத் தருவாங்களே?"

"நாலு நாள்லயா? அழுக்கு ஐஸ்னாலும் ரெண்டு மூணு வாரமாவது ஆகும்."

"ஊசின்னா?"

"ரெண்டு மாசம், மூணு மாசம். எல்லாருக்கும் வராது."

கணபதி விடுமுறையில் ஊசி. டிசம்பரில் மாஹிம் தர்கா உருஸ். அங்கே ஆஸியா அழுது அடம்பிடித்ததால் உம்மா ஒரு கோலா வாங்கிக் கொடுத்தாள். நாலாம் நாள் கண் மஞ்சளானது. வருடம் முடிவதற்குள் பிள்ளை இல்லை. வெளியே என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது உம்மா கோலா என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். முப்பத்தேழு வருடமாக உம்மா உருஸுக்குப் போகவில்லை. வீட்டில் ஐஸ் கிடையாது. மே மாத வெயிலில் பேரப்பிள்ளைகள் கேட்டாலும், "ஒரு புள்ளயக் குடுத்தது போதும்," என்பாள்.

குர்லா ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஆபிதா யோசித்தாள். ஊசியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? தன் இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போடும்போது புது ஊசியா என்று நர்ஸிடம் சண்டை போட்டவள் அவள். ஆனால் அந்தக் குழாய்மேல் கழிந்த நாட்களை மட்டும் அவள் ஒருபோதும் உற்றுப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது. அதனால் அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

குர்லாவில் அண்ணன் தப்ரேஸ் கீழே பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான், மாடியில் குடும்பம். உம்மாவும் அவனோடுதான். ஆபிதாவைக் கண்டதும் மெஷினை நிறுத்தினான்.

"என்னளா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல இருக்கு? ட்ரெயின்ல பர்ஸ் போச்சா?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ரெக்சின் துண்டு ஒன்றை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"எனக்கு எப்பமோ தெரியும்," என்றான்.

"எப்பமோன்னா?"

"எம் மவன் சைஃப் பொறந்தப்ப. ஊசி போடப் போன எடத்துல செவுத்துல எழுதிப் போட்டிருந்தான். இருபத்திரண்டு வருஷம் இருக்கும்."

ஆபிதா பக்கத்திலிருந்த பை மூட்டைமேல் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே தஸ்தர்கான் விரிப்பில் உம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"உம்மா அவளையே கொன்னுக்கிட்டு இருக்காளே காக்கா. பாத்துக்கிட்டா இருந்த?"

"சாக்கப் பிரிச்சுக் குடுத்தது நான்ளா. சாக்கு வாப்பா கொண்டாந்தது. என்னன்னு சொல்லச் சொல்லுத? வாப்பாவும் நானும் கொன்னோம்னா?" குரல் தாழ்ந்தது. "எழுவத்தாறு வயசு. ஷுகர் வேற. ஐஸு தின்னாததால இப்ப என்ன கெட்டுப்போச்சு அவளுக்கு? நல்லதுதான் ஷுகருக்கு."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நீதான் கடிக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சில முழிப்பாளா? யோசி."

அதை அவள் ரயிலிலேயே யோசித்திருந்தாள். முழிக்காமல் போகலாம். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கென்று எடுத்து வைக்கும் கறி, தலையில் தடவும் அந்தக் கை, எல்லாம் நின்றுபோகலாம்.

தப்ரேஸ் வலது கையை நீட்டினான். "உம்மாட்ட சொல்லமாட்டேன்னு கையடிச்சுக் குடு. அல்லாவுக்காக."

மேலே உம்மா இருமும் சத்தம் கேட்டது. ஆபிதா அந்த விரிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். ஊசித் தழும்புகள் நிறைந்த தையல்காரன் கை. தன் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"உன் பேரச் சொல்லமாட்டேன் காக்கா. என் பேர மட்டும் சொல்லுதேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து, செருப்பைக் கழற்றிப் படிக்கட்டின் ஓரம் வைத்தாள்.