பகல் பன்னிரண்டுக்கு இடம் மாறிய மூன்றெழுத்து

அந்த விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டுக்கும் நகரத்தின் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓடுபாதை போடுவதற்கு முன் அங்கே இருந்த செங்கல் சூளையின் பெயரிலிருந்து எடுத்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பயணிகளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர்களுடைய பை எங்கே போக வேண்டும் என்பதை, கைப்பிடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும் அந்த மூன்றெழுத்துதான் முடிவுசெய்யும்.

நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் புதிய நிலையம் கட்டி முடித்தார்கள். உலகம் முழுக்கப் பழகிப்போன குறியீடு அதற்கே என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அந்த மூன்றெழுத்து என்றால் புதிய நிலையம். பழையதற்கு வேறு மூன்றெழுத்து. அதுவும் ஆறு மாதத்துக்குத்தான், பிறகு பூட்டிவிடுவார்கள். ஊழியர்களில் யார் புதிய இடத்துக்குப் போகிறார்கள் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை வரும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்களின் பெயர் அதில் இருக்காது.

பைப் பிரிவில் பதினெட்டு வருடமாக இருப்பவளை எல்லோரும் ‘ஸ்கேனர் அக்கா’ என்பார்கள். அவளுக்கு மேலாளர் அவளுடைய கொழுந்தன்தான். வீட்டில் அண்ணி, வேலையில் மேடம் என்று நாளுக்கு இரண்டு முறை நாக்கை மாற்றிக்கொள்வான்.

செவ்வாயன்று பதினொன்று பத்துக்கு வர வேண்டிய விமானம் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்தது. முதல் பையின் சீட்டில் ஸ்கேனரைக் காட்டினாள். சிவப்பு விளக்கு: வேறு நிலையத்தின் பை. பன்னிரண்டு தாண்டிவிட்டதால் சீட்டில் இருந்த மூன்றெழுத்து இப்போது புதிய நிலையத்துடையது. இரண்டாவதும் சிவப்பு. எண்பத்து நான்கும் சிவப்பு. சிவப்பு விழுந்த பையை லாரியில் ஏற்றிப் புதிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

பெல்ட் ஓட்டும் பையனை ‘மொட்டை’ என்பார்கள். அவன் சிரித்தான்.

“பையும் இங்க இருக்கு, பைக்காரங்களும் இங்க இருக்காங்க. இந்த மெஷின் மட்டும் அங்க இருக்குங்குது, அக்கா!”

மேலாளர் வேகமாக வந்தான். “லாரி ரெடி. ஏத்துங்க மேடம்.”

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அறுபத்தோரு பேர் நிக்கிறாங்க சார். அவங்களையும் சேர்த்து ஏத்திடவா?”

“நாளைக்கு அங்க போய் வாங்கிக்கட்டும். விதின்னா விதி. மீறினா நான் காப்பாத்த முடியாது அண்ணி.”

“யாரு காப்பாத்தச் சொன்னா?”

ஸ்கேனரை அணைத்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு சீட்டிலும் விமான எண்ணையும் தேதியையும் கண்ணாலேயே பார்த்தாள். பையைத் தூக்கி பெல்ட்டில் போட்டாள். மேலாளரின் முகத்தை மொட்டை பார்த்தான், அப்புறம் பொத்தானை அழுத்தினான். அரை மணி நேரத்தில் கூடம் காலியானது. யாரும் நன்றி சொல்லவில்லை. நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள். ‘பதற்றத்தில் சீட்டுகளைத் தவறாகப் படித்துவிட்டேன். மன்னிக்கவும்.’

“கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணி. எச்சரிக்கையோட விட்டுடுவாங்க, பட்டியல்லயும் பேர் வந்துடும். இல்லன்னா அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“உங்க அண்ணனுக்கு நான் சொல்லிக்கிறேன். பதினெட்டு வருஷத்துல ஒரு சீட்டையாவது தப்பாப் படிச்சிருக்கேனா? நீயே சொல்லு தம்பி.”

அவன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்: ‘சீட்டுகளைச் சரியாகப் படித்தேன். சிவப்பு விளக்கையும் பார்த்தேன். பைகளின் சொந்தக்காரர்கள் இங்கே நின்றதால் இங்கேயே கொடுத்தேன். இன்னொரு முறை நடந்தாலும் இதையே செய்வேன்.’ கையெழுத்தும் பணி எண்ணும் போட்டாள்.

“கடைசி வரியை மட்டுமாவது அடிச்சிடுங்களேன்.”

“நீ அடி. அடிச்ச இடத்துல உன் கையெழுத்தையும் போடு.”

அவன் பேனாவைக் கையில் எடுத்தான். மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான். தாளை அப்படியே கோப்பில் வைத்தான்.

“எனக்கு ஒரு நகல் வேணும்” என்றாள்.

“எதுக்கு?”

“வீட்ல காட்டத்தான். நீ போய் வேற மாதிரி சொல்லுவே.”